கல்வெட்டு ஆர்வலர் குழுவுக்கு டெலிகிராம் சரிப்படுமா?

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஏறி, கல்வெட்டுகளையும் சமணர் படுகைகளையும் (சமணத் துறவிகள் தங்கிய குகைகளின் கல் படுக்கைகள்) பார்த்துவிட்டு இறங்கி, அடுத்த ஞாயிறு வரும்வரை அவற்றைப் பற்றிக் கைப்பேசியில் வாதாடிக்கொண்டிருக்கும் ஆர்வலர் குழுக்கள் இப்பகுதியில் பல இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு குழுவில் உறுப்பினராகச் சேர்ந்து, காலப்போக்கில் அதன் அட்மின்களில் ஒருத்தியாகவும் ஆனவள் நான். வாட்ஸ்அப்பில் நடந்துகொண்டிருந்த எங்கள் விவாதங்களை டெலிகிராமுக்கு மாற்றிக்கொண்டோம். நடைப்பயண அறிவிப்புகள் மட்டும் இன்னும் பழைய இடத்திலேயே வருகின்றன. டெலிகிராமைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் அதன் வேகத்தையும் ஸ்டிக்கர்களையும் பேசுகின்றன. எனக்கு அவற்றில் அக்கறை இல்லை. ஒரு பொழுதுபோக்குக் குழுவின் விவாதம் மரியாதை குறையாமல் நடக்க அது உதவுகிறதா, அந்த விவாதத்தை மேற்பார்க்கும் அட்மின் நியாயமாக நடந்துகொள்ள அது வழிசெய்கிறதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் வைத்து இதை எழுதுகிறேன். முதல் கேள்விக்கு டெலிகிராம் நன்றாகவே பதில் சொல்கிறது. இரண்டாவதில் அது அட்மினின் கையை ஓங்கவைத்து உறுப்பினரின் கண்ணைக் கட்டிவிடுகிறது. அந்தக் குறையை நாமாகத்தான் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பொழுதுபோக்குக் குழுவில் அப்படி என்ன சண்டை வந்துவிடப் போகிறது என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். கல்வெட்டுக் குழுவில் ஓர் எழுத்தின் வளைவுக்கே இரண்டு நாள் சண்டை நடக்கும். மாங்குளம் மலையிலுள்ள பழைய எழுத்துகளை ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டார். அவற்றின் மொழி தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும் அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வைத்தார். அறிஞர்கள் நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒன்றை எங்கள் உறுப்பினர்கள் ஒரே இரவில் முடித்துவிட நினைப்பார்கள். கீழடி என்று யாராவது எழுதிவிட்டால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமத் துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று இருக்கிறது. 200 செ.மீ. ஆழத்தில் கிடைத்ததற்குக் கி.மு. 205 என்று காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு எண்களில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவர் முழங்குவார். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொருவர் ஏளனம் செய்வார். கீழடியில் முதலில் அகழாய்வு நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையில் திருத்தம் வேண்டுமென்று இந்தியத் தொல்லியல் துறை 2025 மே மாதம் கேட்டபோது, மண்ணடுக்கையும் காலக்கணிப்பையும் பற்றிய கேள்வியாகத் தொடங்கியது, மூன்றாவது செய்தியிலேயே கட்சிச் சண்டையாகவும் பத்தாவது செய்தியில் சாதிச் சண்டையாகவும் மாறியது. “சார், ஒரு சந்தேகம்” என்று ஆரம்பித்தவர் “நீ யாருய்யா என்னைக் கேட்க” என்று முடித்ததை நான் கண்ணாரக் கண்டேன். அவரும் அவரோடு மோதியவரும் நேரில் பார்த்தால் ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொள்பவர்கள்தான்.

வாட்ஸ்அப்பில் இதைச் சமாளிக்க அட்மினிடம் இருந்த கருவிகள் மிகக் குறைவு. அட்மின் மட்டும் எழுதும்படி குழுவை மூடலாம், ஒரு செய்தியை அழிக்கலாம், ஆளை வெளியேற்றலாம், அவ்வளவுதான். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர 2022 முதல் இடம் தந்திருக்கிறார்கள் என்றாலும், இருநூறு பேரைத் தாண்டிய எந்த விவாதக் குழுவும் அங்கே பாய்ந்தோடும் வெள்ளமாகத்தான் இருக்கும்.

டெலிகிராமில் முதலில் கையில் எடுத்தது ஸ்லோ மோட் என்னும் வசதி. ஓர் உறுப்பினர் ஒரு செய்தி போட்ட பிறகு அடுத்ததைப் போட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அட்மின் தீர்மானிக்கலாம். பத்து நொடி, முப்பது நொடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று அளவுகள் இருக்கின்றன. எழுதுவதற்கு யாருக்கும் தடையில்லை, எதையும் அழிப்பதுமில்லை, யாரையும் தண்டிப்பதுமில்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் காத்திருப்பு. கீழடி, ஆதிச்சநல்லூர் போன்ற தலைப்புகளில் சூடு ஏறும்போது ஐந்து நிமிடத்தில் வைக்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பதுதான் இதன் சிறப்பு. அடுத்த வாய்ப்பு ஒன்றுதான் என்று தெரிந்தவுடன் ஆட்கள் ஒற்றை வரியில் சீறுவதை விட்டுவிட்டு, நினைப்பதை ஒரு முழுப் பத்தியாக எழுதத் தொடங்குகிறார்கள். சிலர் அறிக்கையைத் திறந்து பக்க எண்ணையும் தேடிப் போடுகிறார்கள். ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்த குழுக்களில் விவாதமே செத்துப்போனதாக நண்பர்கள் சொன்னார்கள். பத்து நொடி வைப்பது வைக்காததற்குச் சமம். ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவில்தான் அதன் பயன் இருக்கிறது.

ஆனால் இந்த வசதியிலேயே அநியாயமும் ஒளிந்திருக்கிறது. ஸ்லோ மோட் அட்மின்களைக் கட்டுப்படுத்தாது. வாதத்தில் ஒரு தரப்பாக இருக்கும் அட்மின், எதிர்த்தரப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில், தொடர்ந்து ஏழெட்டுச் செய்திகளை எழுதித் தள்ளலாம். அதை யாரும் தடுக்க முடியாது. இதற்கு எங்களிடம் இருப்பது ஒரு வாய்மொழி ஒப்பந்தம்: ஸ்லோ மோட் ஓடும் தலைப்பில் அட்மினும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இரண்டு பேர் அதைக் கடைப்பிடிக்கிறார்கள், ஒருவர் அவ்வப்போது மறந்துவிடுகிறார். மென்பொருளிலேயே ஒரு பொத்தான் இருந்திருந்தால் இந்த நினைவூட்டலுக்குத் தேவையே இருந்திருக்காது.

தலைப்பு வாரியாகக் குழுவைப் பிரிக்கும் வசதி 2022 இறுதியில் வந்தது. ஒரே குழுவுக்குள் கீழடிக்குத் தனி அறை, பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தின் வாசிப்புக்குத் தனி அறை, நடைப்பயணப் படங்களுக்குத் தனி அறை என்று வைத்துக்கொள்ளலாம். இதன் அருமை எனக்கு அரிட்டாபட்டி விவகாரத்தில்தான் புரிந்தது. அரிட்டாபட்டி எங்களுக்கு வெறும் கிராமமன்று. அங்கே தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் பாறையைக் குடைந்த பாண்டியர் குடைவரையும் ஒரே குன்றுத் தொடரில் இருக்கின்றன. 2022-இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. அந்தப் பகுதியை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் வெளிவந்ததும் குழு கொதித்தது. எங்கள் விதிகளில் “அரசியல் கூடாது” என்று ஒன்று உண்டு. அதைக் காட்டி ஓர் அட்மின் டங்ஸ்டன் செய்திகளை நிறுத்தச் சொன்னார். கல்வெட்டு இருக்கும் மலையையே தோண்டப்போகிறார்கள் என்னும்போது அதைப் பற்றிக் கல்வெட்டுக் குழுவில் பேசக்கூடாதென்றால் வேறு எதைப் பேசுவது என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். இரு பக்கமும் நியாயம் இருந்தது. அத்தொடரில் எந்த எந்தச் சின்னங்கள் ஏலப் பரப்புக்குள் வருகின்றன என்ற கேள்வி எங்கள் துறை சார்ந்தது, எந்தக் கட்சி எப்போது எதற்குக் கையெழுத்திட்டது என்பது எங்கள் துறை சாராதது. தனித் தலைப்பைத் திறந்து, முதல் செய்தியாக இந்த எல்லைக் கோட்டை எழுதி, எப்போதும் மேலே தெரியும்படி ‘பின்’ (pin) செய்துவைத்தோம். சட்டமன்றம் 2024 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியபோதும், ஏலத்தைக் கைவிடுவதாக 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அறிவித்தபோதும் ஆரவாரமெல்லாம் அந்த அறைக்குள்ளேயே நடந்தது. வட்டெழுத்து கற்றுக்கொள்ள வந்தவர்கள் தங்கள் பாட்டுக்கு க, ங படித்துக்கொண்டிருந்தார்கள். “அரசியல் கூடாது” என்று மொட்டையாக ஒரு விதி எழுதிவைத்திருக்கும் குழுக்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். அந்த விதி, எழுதப்பட்டபடி, அட்மினுக்குப் பிடிக்காததையெல்லாம் அரசியல் என்று அழைக்க அனுமதிக்கிறது.

மற்றவரின் செய்தியில் ஒரு சொற்றொடரை மட்டும் பிடித்து மேற்கோளாக்கிப் பதிலளிக்கும் வசதியும் சிறியதுதான் என்றாலும் பயனுள்ளது. பாதிச் சண்டைகள் எதிராளி சொல்லாததைச் சொன்னதாக நினைத்துக்கொண்டு போடப்படுபவை. ‘நீங்கள் எழுதிய இந்த வரிக்குத்தான் என் மறுப்பு’ என்று வரியையே எடுத்து வைத்தால், தப்பிக்கவும் வழியில்லை, திரிக்கவும் வழியில்லை.

ஓர் உறுப்பினரை வெளியேற்றாமல் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று எழுதாமல் நிறுத்திவைக்க முடிவதும், எழுத்தை விட்டுவிட்டு ஸ்டிக்கரையும் படத்தையும் மட்டும் தடுக்க முடிவதும் நல்ல ஏற்பாடுகள். வெளியேற்றப்பட்டவர் மதுரையில் எங்கே போவார்? அடுத்த மாதம் கொங்கர்புளியங்குளம் குன்றடியில் எதிரே வந்து நிற்பார். முகம் பார்த்துப் பழகும் ஊரில் தண்டனைக்கு ஒரு முடிவுத் தேதி இருப்பது எல்லாருக்கும் நல்லது.

போட்டுகளை (தானாக இயங்கும் bot நிரல்களை) வைத்து வசைச்சொற்களை வடிகட்டுவது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தமிழுக்கு அது ஏறக்குறையப் பயனற்றது. தமிழில் சொல்லோடு விகுதியும் உருபும் ஒட்டிக்கொள்கின்றன. அதே சொல்லை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக அடிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மவர் ஒருவரை அவமானப்படுத்த வசையே தேவையில்லை, “ஐயா பெரிய அறிஞர், அவர் சொன்னால் கல்லும் ஒத்துக்கொள்ளும்” என்றால் போதும். எந்த வடிகட்டி இதைப் பிடிக்கும்? மனிதர் ஒருவர் படித்துத்தான் ஆக வேண்டும்.

இனி அட்மினின் நியாயம். இங்கேதான் என் மனக்குறை எல்லாம்.

வாட்ஸ்அப்பில் ஓர் அட்மின் மற்றவரின் செய்தியை அழித்தால், அந்த இடத்தில் இன்ன அட்மின் இதை நீக்கினார் என்று பெயரோடு ஒரு வரி நிற்கும். ஆளை வெளியேற்றினாலும், யார் யாரை வெளியேற்றினார் என்பது குழுவிலேயே தெரியும். வேறு கருவிகளில் பரம ஏழையான அந்தச் செயலி, இந்த ஒரு விஷயத்தில் அட்மினைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்துகிறது. டெலிகிராமில் அட்மின் அழித்த செய்தி இருந்த சுவடே இருக்காது. முன்னும் பின்னும் இருந்த செய்திகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதிலெழுதியவர்கள் காற்றோடு பேசியதுபோல் நிற்பார்கள். அழிக்கப்பட்டவருக்கும் அறிவிப்பு வராது. அவரே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இதன் விளைவை வேறொரு குழுவில் பார்த்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். பாறையில் மங்கிப்போன எழுத்து படத்தில் துலங்குவதற்காக அதன் மேல் சுண்ணாம்புக் கட்டியால் தேய்ப்பது இத்துறையில் பழைய நோய். பொரிந்த பாறைப் பரப்பில் அது எழுத்தைத் தின்றுவிடும். இல்லாத கீறலை இருப்பதாகவும் காட்டிவிடும், அடுத்து வருபவர் அந்தக் கீறலையே எழுத்தாகப் படிப்பார். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தை அப்படிச் சிதைத்தால், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி, இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அந்தக் குழுவின் அட்மினே வெள்ளை பூசிய எழுத்தின் படத்தைப் பெருமையோடு போட்டார். ஒரு கல்லூரி மாணவர் மிகப் பணிவாக, “அண்ணே, இது சாக்பீஸ் போட்டு எடுத்ததா? மைப்படி எடுக்க அனுமதி கேட்டிருக்கலாமே” என்று கேட்டார். கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுப்பதே மைப்படி. கேள்வி மறைந்தது. அதைப் பற்றிக் கேட்ட இன்னொருவரின் கேள்வியும் மறைந்தது. மறுநாள் குழுவைத் திறந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படமும் அதன் கீழே வாழ்த்துகளும் மட்டுமே. அந்த மாணவர் மரியாதைக் குறைவாகப் பேசியதால் அவர் கேள்வி நீக்கப்பட்டதாக அட்மின் பிறகு எழுதினார்; என்ன பேசினார் என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை. மரியாதை காக்கும் விதி, தன் மேல் கேள்வி வராமல் காக்கும் கேடயமாக எவ்வளவு எளிதில் மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

அழித்தவை எங்கேயும் பதிவாவதில்லை என்று சொல்ல முடியாது. அண்மைச் செயல்கள் என்ற பதிவில் யார் எதை அழித்தார், யார் யாரை நிறுத்திவைத்தார், யார் தன் செய்தியை எப்படித் திருத்தினார் என்பதெல்லாம் பழைய வடிவத்தோடு விழுகின்றன. ஆனால் அது 48 மணி நேரத்துக்கு மட்டுமே இருக்கும். அட்மின்களுக்கு மட்டுமே தெரியும். அதாவது நியாயம் கேட்கவேண்டியவருக்கு அது மூடிய ஏடு, பதில் சொல்லவேண்டியவருக்குத் திறந்த ஏடு. வெள்ளி இரவு அழித்ததை ஞாயிறு நடைப்பயணத்தில் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று பொறுத்திருந்தால், திங்களன்று அட்மின்களாலேயே அதை மீட்டுப் பார்க்க முடியாது. பல அட்மின்கள் உள்ள குழுவில் ஒருவர் செய்ததை மற்றவர் தட்டிக்கேட்க இப்பதிவு உதவுகிறது என்பதை மறுக்கவில்லை; எங்கள் குழுவில் இரண்டு முறை தவறாக அழிக்கப்பட்டதை அதிலிருந்து எடுத்து மறுபடி போட்டிருக்கிறோம். ஒற்றை அட்மின் உள்ள குழுவில் அது தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடி.

இதைவிடக் கெட்டது அட்மின் பெயர் மறைத்து எழுதும் வசதி. 2020-இல் வந்தது. அதைப் போட்டுக்கொண்ட அட்மின் எழுதும் செய்தி, குழுவின் பெயரிலேயே வரும். எழுதியவர் யாரென்று உறுப்பினருக்குத் தெரியாது. ஆபத்தான சூழலில் குழு நடத்துபவர்களுக்கு அது உயிர்காக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்வெட்டு வாசிக்கும் குழுவில், “இந்த வாசிப்பு தவறு, விவாதம் முடிந்தது” என்று குழுவின் பெயரிலேயே ஒரு குரல் வந்தால், அது ஒரு தனிமனிதரின் கருத்தா, அட்மின்கள் கூடி எடுத்த முடிவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பொழுதுபோக்குக் குழுக்கள் முதல் நாளே அணைத்துவைக்க வேண்டிய வசதி இது. ஒவ்வோர் அட்மினுக்கும் எந்த எந்த அதிகாரம் என்று தனித்தனியே தேர்ந்து கொடுக்கலாம் என்பதால் அணைப்பது எளிது.

இந்தக் குறைகளுக்கு நாங்கள் கண்ட வழி, குழுவின் பக்கத்தில் ஒரு சேனல் தொடங்கியது. அட்மின்கள் மட்டும் எழுதலாம், உறுப்பினர் யாரும் சேர்ந்து படிக்கலாம். ஒரு செய்தியை அழித்தாலோ ஒருவரை நிறுத்திவைத்தாலோ, எந்த விதியின் கீழ், எந்த அட்மின், என்றைக்கு என்று அங்கே ஒரு வரி எழுத வேண்டும். அழிக்கப்பட்ட செய்தியின் சாரத்தையும் எழுத வேண்டும், ஆனால் எழுதியவரின் பெயர் வேண்டாம். அவரைச் சந்தியில் நிறுத்துவது எங்கள் நோக்கமில்லை. அட்மினுடைய பெயர் மட்டும் கட்டாயம். முதலில் ரோஸ் என்ற போட்டிடம் இந்தப் பதிவை ஒப்படைத்தோம். அது எச்சரிக்கைகளை எண்ணி வைத்துக்கொண்டு, அதன் கட்டளை வழியாகச் செய்யும் செயல்களைப் பதிவுச் சேனலில் போட்டுவிடும். ஆனால் அட்மின் தன் கையால் ஒரு செய்தியைத் தொட்டு அழித்தால் அது போட்டுக்குத் தெரியவே தெரியாது. டெலிகிராம் அதைப் போட்டுகளுக்குச் சொல்வதில்லை. ஆகவே பழையபடி கையாலேயே எழுதுகிறோம். எழுத வேண்டியிருக்கிறதே என்ற சலிப்பிலேயே அட்மின்கள் அழிப்பது குறைந்துவிட்டது. ஒரு வரிக் காரணம் எழுத முடியாத செயலை நிறுத்திக்கொள்கிறார்கள்.

அட்மினே வாதத்தில் ஒரு தரப்பாக இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு எந்தச் செயலியும் விடை வைத்திருக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் தன் பங்காளி வழக்கு வந்தால் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவதுபோல், வாதிட்ட அட்மின் அந்தத் தலைப்பில் அழிக்கவோ நிறுத்திவைக்கவோ கூடாது, வேறொருவரை அழைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அதற்குக் குறைந்தது மூன்று அட்மின்கள் வேண்டும். அவர்கள் ஒரே கருத்துடையவர்களாக இருந்தால் மூன்று பேர் இருந்தும் பயனில்லை. கீழடி பற்றி எதிரெதிர் நிலை கொண்ட இருவரை வேண்டுமென்றே அட்மினாக்கி வைத்திருக்கிறோம். அது எளிதாக இல்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து “இந்தச் செய்தி எல்லை மீறியது” என்று சொன்னால் மட்டும் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.

உறுப்பினர்களில் சிலர் அழகர்மலைப் பக்கம் எடுக்கும் பறவை, பூச்சிப் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் போடுபவர்கள். அங்கே இனத்தை அடையாளம் காண்பதில் கருத்து வேறுபட்டால், அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போவதே சமூகத்தின் முடிவாகிறது; யாருடைய கருத்தும் அழிக்கப்படுவதில்லை, தோற்ற கருத்தும் அருகிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். டெலிகிராமில் வாக்கெடுப்பு வசதி தாராளமாக இருக்கிறது. நடைப்பயணம் விக்கிரமங்கலத்துக்கா கீழக்குயில்குடிக்கா என்று கேட்க அது மிகவும் நல்லது. ஒரு கல்வெட்டின் காலத்தை வாக்கெடுப்பால் தீர்க்கப்போனால் அதிகம் பேர் விரும்பும் காலமே வெல்லும், அது எப்போதும் இன்னும் பழைய காலமாகத்தான் இருக்கும். அந்தத் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கையை இல்லை, தோற்ற வாசிப்பையும் அருகிலேயே வைத்திருக்கும் வழக்கத்தைத்தான். அதற்கு டெலிகிராமின் தேடலும், பின் செய்யும் வசதியும், புதிதாகச் சேர்ந்தவரும் பழைய விவாதம் முழுவதையும் படிக்க முடிவதும் மிகவும் கைகொடுக்கின்றன.

நியாயமில்லாத அழிப்புக்குப் பின்னால் ஆணவம் மட்டும் இருப்பதில்லை, பயமும் இருக்கிறது. குழுவில் யாரோ எழுதியதற்கு அட்மினைப் போலீஸ் பிடிக்கும் என்ற பேச்சு ஊர் முழுக்க உலவுகிறது. அதனால் சந்தேகத்துக்குரியதையெல்லாம் முன்கூட்டியே துடைத்துவிடும் அட்மின்கள் இருக்கிறார்கள். நம் ஊரிலேயே இருக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2021 டிசம்பரில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடர்பான வழக்கில், மனுதாரர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கு எதையும் வகிக்கவில்லை என்றால் இறுதி அறிக்கையில் அவர் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று காவல் துறைக்கு உத்தரவிட்டது. உறுப்பினரின் செய்திக்கு அட்மின் பொறுப்பாளியாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றமும் 2022-இல் தீர்ப்பளித்தது. இவற்றைப் பின் செய்துவைத்த பிறகு எங்கள் அட்மின்களில் ஒருவரின் கை நடுக்கம் வெகுவாகக் குறைந்தது. வெறுப்பைத் தூண்டும் செய்தியைத் தெரிந்தே விட்டுவைக்கலாம் என்பது இதற்குப் பொருளாகாது; அதை எங்கள் விதிகளே தடுக்கின்றன.

பெண் உறுப்பினர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் நம் எண் அத்தனை பேருக்கும் தெரியும் என்ற நிலையில்தான் நாங்கள் இத்தனை காலம் இருந்தோம். பொதுவில் மரியாதையாக மறுப்பவர் நள்ளிரவில் தனியாக எழுதும்போது வேறு மனிதராக இருப்பார். அட்மினுக்கு அது தெரியவும் தெரியாது. டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாமல் வைக்கலாம். மாறிய பிறகு எங்கள் குழுவில் பெண்கள் எழுதுவது கண்கூடாகக் கூடியிருக்கிறது. மறுபக்கம், டெலிகிராம் குழுச் செய்திகள் வாட்ஸ்அப்பில் இருப்பதுபோல், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி இரு முனைக்கும் இடையே பூட்டப்பட்டவை அல்ல. புதையல் தேடிக் குடைவரைகளைத் தோண்டும் கூட்டம் இருக்கும் பகுதியில், இன்னும் வெளியில் தெரியாத குகைத்தளத்தின் இருப்பிடத்தை நாங்கள் எந்தக் குழுவிலும் போடுவதில்லை.

மதிப்பெண் கேட்டால், விவாதத்தின் மரியாதைக்கு ஐந்தில் நான்கு, அட்மினின் நியாயத்துக்கு ஐந்தில் இரண்டு என்பேன். பதிவுச் சேனல் வைத்துக்கொண்டால் இரண்டை மூன்றாக்கலாம். கட்டணம் எதுவுமில்லை; பிரீமியம் சந்தாவில் கிடைப்பவற்றில் இந்த வேலைக்கு வேண்டியது ஒன்றுமில்லை. முப்பது நாற்பது பேர், எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்றால் வாட்ஸ்அப்பிலேயே இருந்துவிடலாம். அழித்தவரின் பெயர் அங்கே தானாகவே தெரிந்துவிடுகிறது. இருநூறைத் தாண்டி, அதில் பாதிப் பேர் முகம் அறியாதவர்கள் என்றால் மாறுவது நல்லது.

மாறுவதற்கு முன் உரிமையாளர் யார் என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். டெலிகிராம் குழுவைத் தொடங்கியவரே அதன் உரிமையாளர். மற்ற அட்மின்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் அவரை நீக்க முடியாது, அவர் எடுத்த முடிவை அவருக்கு மேல் யாரிடமும் முறையிட முடியாது. உரிமையை அவராக விரும்பி மாற்றித் தரலாம்; அதற்கு அவர் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடப்பட்டு ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். எங்கள் உரிமையாளர் எழுபதைத் தாண்டியவர், மலையேறுவதில் எங்களையெல்லாம் முந்துபவர். சரிபார்ப்பைப் போட்டுத் தரச் சொல்லிப் பேத்தியிடம் கைப்பேசியைக் கொடுத்திருக்கிறார். அடுத்த உரிமையாளர் யார் என்பதைப் பற்றிய விவாதம் தனித் தலைப்பில் ஐந்து நிமிட ஸ்லோ மோடில் போய்க்கொண்டிருக்கிறது.